உயிலுக்குள் அடங்காத பென்ஷன்

அப்பா உயிலில் என்னை நிறைவேற்றுநராகப் போட்டிருந்தார். மில் பென்ஷன் விஷயமாக அந்த உயிலையும் எடுத்துக்கொண்டு பி.எஃப். ஆபீசுக்குப் போனேன். "உயில் இதுக்கு வேண்டாம் சார். டெத் சர்டிபிகேட், அம்மாவோட ஆதார், பேங்க் பாஸ்புக் கொடுங்க" என்றார்கள். ஏன் என்று வீட்டுக்கு வந்து தோண்டினேன்.

1952 வருங்கால வைப்பு நிதிச் சட்டம் முதலில் ஆறு தொழில்களுக்குத்தான் வந்தது. ஜவுளி அதில் ஒன்று. ஆனால் அது வெறும் சேமிப்பு. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் தொழிலாளி இறந்தால் வீட்டுக்கு வருவது நாலு வருஷப் பணம், அவ்வளவுதான். அந்த ஓட்டையை அடைக்க 1971 மார்ச் 1 முதல் குடும்ப ஓய்வூதியத் திட்டம். இதில் வேடிக்கை, தொழிலாளி உயிரோடு ரிட்டயர் ஆனால் மாதப் பென்ஷன் கிடையாது; இறந்தால்தான், அதுவும் குடும்பத்துக்கு. 1995 நவம்பர் 16-இல் அதன் இடத்துக்கு வந்த இ.பி.எஸ். தொழிலாளிக்கும் பென்ஷன் கொடுத்தது. ஆனாலும் அவருக்குப் பின் யாருக்கு என்பதைத் திட்டமே சொல்கிறது: மனைவி, 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். எனக்கு அந்த வயசு எப்பவோ தாண்டிவிட்டது.

அப்பாவுக்கு வந்தது மாதம் 1,640 ரூபாய். மனைவிக்குப் பாதி என்றால் 820. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று ஆக்கியதால் அம்மாவுக்கு 1,000.

"மருந்துக்கே பத்தாதேப்பா" என்றபடி அம்மா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்.