1962: இரண்டு சதிகளும் கல்முனைக் கரையும்

1962 மார்ச் 2ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. பொழுது விடிவதற்குள் ரங்கூனில் ஜெனரல் நே வின்னின் படைகள் பிரதமர் ஊ நூவையும் அவருடைய அமைச்சர்களையும் பிடித்து அடைத்துவிட்டன. அதே நாள் கொழும்பில் சேர் ஒலிவர் குணதிலக்க மகாதேசாதிபதிப் பதவியிலிருந்து இறங்க, வில்லியம் கோபல்லாவ அந்த இடத்துக்கு வந்தார். ஒலிவர் இறங்கியதற்கும் ஓர் இராணுவச் சதிதான் பின்னணி. ஐந்து வாரங்களுக்கு முன் அது முளையிலேயே கிள்ளப்பட்டிருந்தது. விசாரணையில் அவருடைய பெயரும் அடிபட்டது.

இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையில் அது பெரும்போக அறுவடைக் காலம். கரைவாகுப் பற்றின் வட்டைகளில் கதிரறுத்துச் சூடு வைத்து, களவெட்டியில் மிதித்துத் தூற்றி, காணிக்காரப் போடியாருக்கு இத்தனை, வயல் செய்யும் முல்லைக்காரனுக்கு இத்தனை என்று நெல்லைப் பங்கிடும் நாட்கள். ஜும்ஆவுக்கு நேரமாகிறதே என்று களத்தை விட்டு ஓடியவர்களுக்கு ரங்கூனும் கொழும்பும் தூரத்து ஊர்கள். ஆனாலும் அவ்விரண்டு சதிகளும் அடுத்த ஐந்தாண்டுக்குள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று அரிசி வழியாக வந்தது. மற்றது சட்டத்தின் வழியாக வந்து, கல்முனைத் தொகுதியின் பாராளுமன்ற ஆசனம் பற்றிய வழக்கைத் தொட்டது.

கொழும்புச் சதியின் நாள் 1962 ஜனவரி 27, சனிக்கிழமை இரவு. தொண்டர் படையின் கேணல்கள் எஃப். சி. டி சேரம், மொறிஸ் டி மெல், முன்னாள் கடற்படைத் தளபதி ரொய்ஸ் டி மெல், பொலிஸ் பிரதி மா அதிபர் சி. சி. திஸாநாயக்க, ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி சிட்னி டி சொய்சா ஆகியோர் முன்னணியில் நின்றனர். அமைச்சர்களையும் இடதுசாரித் தலைவர்களையும் நள்ளிரவுக்குப் பின் கைதுசெய்து பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசைக் கவிழ்ப்பது திட்டம். கொழும்பின் பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனாநாயக்கவையும் அதில் சேர்க்கப் பார்த்தார்கள். அவர் மனைவியிடம் சொன்னார். மனைவி தன் தந்தையான பாராளுமன்ற உறுப்பினர் பி. டி எஸ். குலரத்னவிடம் சொன்னார், செய்தி அன்று மாலையே அரசின் காதுக்கு எட்டியது. பிரதமரின் இல்லமான அலரி மாளிகையில் இருந்துகொண்டு நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க ஒவ்வொருவராக அழைப்பித்து விசாரித்தார். ஒரு வேட்டுக்கூட வெடிக்கவில்லை.

சதியில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்த, கிறிஸ்தவ, மேல்தட்டு அதிகாரிகள். பறங்கியரும் தமிழரும் அவர்களுள் இருந்தனர். பின்னாளில் அவர்களையே நேரில் கண்டு பேசி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஹொரோவிட்ஸ், தங்கள் வர்க்கத்தின் இடம் பறிபோகிறது என்ற கலக்கத்தை அவர்களிடம் கண்டார். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1958 கலவரத்திலும், 1961இல் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகத்தை அடக்கவும், அரசாங்கமே படையை ஊருக்குள் இறக்கியிருந்தது. குடிமக்களை அதட்டிப் பழகிய படை ஒருநாள் ஆட்சியாளரையும் அதட்டத் துணிந்ததில் வியப்பில்லை. சதிக்குப் பின் தொண்டர் படையின் சில அணிகள் கலைக்கப்பட்டன. அதிகாரிகளைத் தெரிவுசெய்வதில் சிங்கள பௌத்தர்களுக்கே முதலிடம் என்றாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் பிற்காலத்தில் காவலரண் போட்டு நின்றது இப்படி உருமாறிய படைதான்.

முதலில் ரங்கூனிலிருந்து வந்ததைச் சொல்லலாம்.

இலங்கை உண்ட அரிசியில் ஏறக்குறைய பாதி அப்போது கப்பலில் வந்தது. 1952இன் இரப்பர்–அரிசி ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி தருவதாகச் சீனா ஒப்புக்கொண்டிருந்தது. மற்றொரு பெரிய பங்கு பர்மாவிலிருந்து வந்தது. அதுதான் கூப்பன் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சங்கக்கடையில் வாரம் இரண்டு கொத்து வாங்கிய அரிசி. நே வின்னின் 'பர்மிய வழிச் சோஷலிசம்' 1963இல் பர்மா எண்ணெய்க் கம்பனியையும் வங்கிகளையும் அரசுடைமையாக்கியது; அடுத்த ஆண்டு கடைகளையும் எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக அங்கே தொழில் செய்த இலட்சக்கணக்கான இந்தியர், தமிழர் பலர் உட்பட, வெறுங்கையோடு கப்பலேறினர். அந்நிய முதலீடு போனது மட்டுமல்ல நட்டம். நெல்லையும் அரசே மலிவு விலைக்கு வாங்கும் என்றதும் பர்மிய விவசாயிக்கு விளைவிக்கும் உற்சாகமே போயிற்று. உலகத்திலேயே அதிக அரிசி விற்ற நாடுகளில் ஒன்றின் ஏற்றுமதி அந்தத் தசாப்தம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது.

உலகச் சந்தையில் அரிசி அருகிப்போக, 1966 டிசம்பரில் டட்லி சேனாநாயக்கவின் அரசு கூப்பன் அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்தது. அந்த ஒரு கொத்து இலவசம். கூப்பன் அரிசியில் கை வைப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதை இலங்கை அரசியல்வாதிகள் அறிவார்கள். 1953 ஹர்த்தாலில் டட்லியே அதனால் பதவி விலகினார். கொழும்புச் சதியை முறியடித்த பீலிக்ஸ் டயஸ் நிதியமைச்சராக 1962 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் அதைக் குறைக்க முனைந்து, ஒரு மாதத்துக்குள் அந்தப் பதவியை இழந்தார். பர்மாவின் வீழ்ச்சி மட்டுமே 1966இன் முடிவுக்குக் காரணம் என்று சொல்லமுடியாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர்ந்தே இருந்தது. ஆனால் ரங்கூன் அரிசி முன்போல் வந்திருந்தால் இந்த வெட்டைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

கல்முனைக் கரையில் அதன் பலன் இரண்டு வகையாக விழுந்தது. நெல்லுக்கான உத்தரவாத விலை ஒரு புசலுக்கு 12 ரூபாயிலிருந்து 14 ரூபாயானது. இங்கினியாகலையில் தேங்கிய கல்லோயா நீர் பாய்ந்த சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களில் எச்-4 போன்ற புதிய நெல்லினங்கள் பரவின. காணியுள்ளவர்களுக்கு அது நல்ல காலம். மருதமுனையில் தறியில் சாரம் நெய்தவருக்கும், கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலுக்குப் போனவருக்கும் வயலில்லை. அவர்கள் இழந்த அந்த ஒரு கொத்தைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டியிருந்தது. இந்தக் கரையின் செழிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் போடிமாரின் பத்தாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். தறிக்காரனின் அடுப்பையும் எட்டிப் பார்த்தால்தான் அந்த ஆண்டுகளின் கணக்கு நேராகும்.

பர்மாவைப் போலவே இலங்கையிலும் அந்நியக் கம்பனிகள் மீது அரசு கை வைத்தது. அந்நிய முதலீடு என்றால் இந்தக் கரையின் நினைவில் நின்ற பெயர் மொரிசன்–நட்சன். 1949இல் கல்லோயா அணையைக் கட்ட வந்த அமெரிக்கக் கம்பனி அது. அவர்கள் கொண்டுவந்தது மண்வாரி இயந்திரங்களும் தொழில்நுட்பமும். செலவு இலங்கை அரசின் பணம். எண்ணெய்க் கம்பனிகள் அப்படியல்ல. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் மூன்றும் தங்கள் முதலைப் போட்டு இலாபத்தை வெளியே கொண்டுபோயின. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது; 1962இல், சதி முறியடிக்கப்பட்ட சில மாதங்களில், அந்தக் கம்பனிகளின் எரிபொருள் நிலையங்கள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டது. சட்டம் சதிக்கு முந்தியது என்பதால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாகச் சொல்வது பிழை. மேற்கு நாடுகளோடு ஒட்டிய மேல்தட்டின் மீது அரசு கொண்ட சந்தேகம் சதியால் கூடியது என்பதில் மட்டும் ஐயமில்லை. நட்டஈட்டுப் பேச்சு இழுபட, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. இப்படி உதவியை நிறுத்தச் சொல்லி செனட்டர் ஹிக்கன்லூப்பர் கொண்டுவந்த சட்டத்திருத்தம் உலகத்திலேயே முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது இலங்கை மீதுதான். 1964 பிறந்தபோது எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1965இல் ஆட்சிக்கு வந்த டட்லி அரசு நட்டஈட்டைப் பேசி முடித்த பிறகே அமெரிக்க உதவி திரும்பியது.

இனிச் சட்டத்தின் கதை. சதிகாரரைத் தண்டிக்க இருந்த சட்டம் போதாது என்று கருதிய அரசு 1962இல் முதலாம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. முன்தேதியிட்டு ஜனவரி தொடக்கத்திலிருந்தே அது செல்லுபடியாகும். ஆகக் குறைந்த தண்டனை பத்தாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதலும் உண்டு. சான்றுக் கட்டளைச் சட்டம் விலக்கிவைத்த வாக்குமூலங்களும் ஏற்கப்படும். இருபத்துநான்கு பேர் மீது வழக்கு. நீதிபதிகளை அமைச்சரே நியமிக்கலாம் என்ற பிரிவின்படி அமைந்த முதல் நீதிமன்றம், அந்த நியமனமே செல்லாது என்று தானே தீர்ப்பளித்தது; இலங்கை நீதித்துறை பெருமைப்படவேண்டிய நாள் அது. இரண்டாவதும் நிலைக்காமல், மூன்றாவதாக அமைந்த நீதிமன்றம் 324 நாட்கள் விசாரித்து 1965 ஏப்ரலில் பதினொருவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகம், அவர்களின் மேன்முறையீடான லியனகே வழக்கில் அனைவரையும் விடுவித்தது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே வார்க்கப்பட்ட சட்டம், நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தைப் பாராளுமன்றம் பறிப்பதாகும் என்றது தீர்ப்பு.

அதற்கு முந்திய மாதந்தான் கல்முனை தன் உறுப்பினரை இழந்தது. கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர் 1947இலேயே கல்முனையின் பிரதிநிதி. 1956இல் தமிழரசுக் கட்சி வேட்பாளராக வென்று பின் அரச பக்கம் போனவர். 1965இல் மீண்டும் வென்றார். உறுப்பினர்கள் இலஞ்சம் பெற்றார்களா என்று ஆராய்ந்த தலகொடப்பிட்டிய ஆணைக்குழு அவர் மீதான குற்றச்சாட்டு நிரூபணமானதாக 1960இல் அறிக்கையிட்டிருந்தது. 1965 நவம்பரில் பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு குடியியல் தகுதியீனச் சட்டத்தை நிறைவேற்றியது. காரியப்பர் உட்பட, பெயர் குறித்த சிலருக்கு ஏழாண்டு வாக்குரிமையில்லை, தேர்தலில் நிற்கும் உரிமையில்லை. கல்முனை ஆசனம் வெறுமையாயிற்று.

காரியப்பர் நீதிமன்றம் போனார். லியனகே வழக்கில் சதிகாரரை விடுவித்த அதே நியாயத்தை அவருடைய தரப்பு கையிலெடுத்தது: பெயர் சொல்லி ஒருவரைத் தண்டிக்கும் சட்டம் செல்லாது. சபையின் செயலாளர் விஜேசிங்கவை எதிர்த்து நடந்த அந்த வழக்கு இலண்டன்வரை சென்றது. 1967இல் கோமறைக் கழகம் அதை நிராகரித்தது. தன் உறுப்பினரின் ஒழுக்கத்தைப் பேணச் சபைக்கு உரிமையுண்டு, இது தண்டனையல்ல, மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் அரசியலமைப்பே திருத்தப்பட்டதாகிறது என்பது அதன் முடிவு. அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்ட கேணல்களைக் காத்த நியாயம், வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்தெடுத்த கல்முனை மக்களுக்குக் கைகொடுக்கவில்லை. ஆணைக்குழு கண்டது சரியாகவே இருக்கலாம். அதை நீதிமன்றத்தில் நிரூபித்துத் தண்டிக்க வழி இருந்தும் பாராளுமன்றம் குறுக்கு வழியில் போனது என்பதே இங்கு குறை. 

குடியியல் உரிமையைப் பறிக்கும் அந்த ஆயுதம் உறைக்குள் கிடக்கவில்லை. 1980 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு விசேட ஆணைக்குழுவின் அறிக்கையைக் காட்டி, பாராளுமன்றத் தீர்மானத்தால் ஏழாண்டுக்குக் குடியியல் உரிமையைப் பறித்தது சிறிமாவோவிடமும் பீலிக்ஸ் டயஸிடமும். அவர்கள் கோமறைக் கழகத்திடம் போகவும் வழியில்லை; அந்த மேன்முறையீட்டை நிறுத்தியது சிறிமாவோவின் அரசுதான். அந்தக் கதவு 1971இலேயே மூடப்பட்டிருந்தது.

1962 சட்டத்தின் வாக்குமூல விதியும் திரும்பி வந்தது. 1971 கிளர்ச்சிக்குப் பின் அமைந்த குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் அப்படியான வாக்குமூலங்களை ஏற்றன. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக்கியது. அடித்துப் பறித்ததென்று காட்டவேண்டிய பாரம் கைதானவர் தலையிலேயே விழுந்தது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்குத் தமிழ் இளைஞர்களும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் நாடெங்கும் பல முஸ்லிம்களும் அடைபட்டது அந்தச் சட்டத்தின் கீழ்.