டயர் எழுதும் சரித்திரம்: மாகஸ்தோட்ட ஏற்றத்திலிருந்து றம்பொடை இறக்கம் வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வேனில் பாடசாலைக்கு அனுப்புபவர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

கடந்த மழைக்காலத்தில் நாங்கள் ஆசிரியர்கள் சிலர் செயலமர்வு ஒன்றுக்காக நுவரெலியாவிலிருந்து வாடகை வேனில் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். றம்பொடை இறக்கத்தில் ஒரு வளைவு. டிரைவர் தம்பி ஸ்டியரிங்கைத் திருப்பினார். வேன் திரும்பவில்லை. முன்பக்கம் நேராக வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துக் கட்டில் இடித்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தம்பி இறங்கி டயரைப் பார்த்தார். "டயர் நல்லாத்தானே இருக்கு சேர்" என்றார். நாங்களும் பார்த்தோம். உண்மைதான், வெளிப்பக்கம் பள்ளங்கள் ஆழமாக, கிட்டத்தட்டப் புதிது போல இருந்தன. எங்களில் ஒருவர் போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்பக்கத்தைப் பார்த்தார். அங்கே இறப்பர் முழுக்கத் தேய்ந்து கம்பி தெரிந்தது. ஒரே டயர்தான், ஒரு விளிம்பு புதிது, மறு விளிம்பு செத்துப்போனது.

வேன் அழகான வேன். ஸ்பிரிங்கைக் குறைத்துப் பதித்திருந்தார்கள். அகலமான அலோய் வீல், பக்கச்சுவர் குட்டையான அகல டயர். பந்தயக் கார் மாதிரி. அன்றிரவு நாங்கள் பேசியதெல்லாம் இதைப் பற்றித்தான். இந்த ஆசை எங்கள் மலைக்கு எங்கிருந்து வந்தது? அந்த டயர் ஏன் அப்படித் தேய்ந்தது? தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

எங்கள் மலைக்கும் போக்குவரத்துக்கும் உள்ள உறவு பழையது. கண்டி இராச்சிய காலத்தில் இங்கே வண்டி ஓடும் வீதிகள் இருக்கவில்லை. உப்பும் கருவாடும் மேலே வந்ததும், பாக்கு கீழே போனதும் பொதிமாடுகளின் முதுகில்தான். அந்தத் தவளங்களை நடத்தியவர்களில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. அரசனின் போக்குவரத்துப் பகுதிக்கு 'மடிகே பத்த' என்று பெயர். எங்கள் மூதாதையர் பலர் அதில் சேவை செய்தவர்கள். இன்று எங்கள் ஆட்கள் லொறியும் வேனும் ஓட்டுவது நேற்று வந்த தொழில் அல்ல.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் வீதிகள் மலைக்குள் ஏறத் தொடங்கின. கோப்பிக்காக வீதி, 1869இல் கோப்பியில் நோய் விழுந்த பிறகு தேயிலைக்காக வீதி. அந்த மலைகளை வெட்டி வழி செய்ததில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வியர்வையும் உயிரும் கலந்திருக்கின்றன. மாட்டு வண்டி ஏறக்கூடிய சரிவாக இருக்க வேண்டும் என்பதால்தான் வீதி மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது. அந்த வளைவுகளில்தான் இன்று நாங்கள் மணிக்கு அறுபது கிலோமீற்றரில் போகப் பார்க்கிறோம்.

டயரின் கதையும் எங்கள் நாட்டைத் தொட்டே போகிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி, ஏறக்குறைய 2,000, இலங்கைக்குத்தான் வந்தது. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. 1888இல் பெல்பாஸ்டில் ஜோன் பொய்ட் டன்லப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1895இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ், போர்தோ பந்தயத்தில் காற்று டயர் போட்ட காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் ஓடி முடித்தார்கள். டயரின் முன்னேற்றத்துக்கு ஆரம்பத்திலிருந்தே பந்தயம்தான் பரிசோதனைச் சாலை.

அந்தப் பந்தயம் எங்கள் ஊருக்கும் வந்தது. இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வோல்ஷ் என்ற இடத்தில் 1905 முதல் மலையேற்றக் கார்ப் போட்டி நடக்கிறது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக்கில் 1916இல் தொடங்கியது. நுவரெலியா மாகஸ்தோட்ட தேயிலைத் தோட்டத்தில் 1934இல். இலங்கையின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களில் அது ஒன்று. ஏப்ரல் வசந்தகாலம் வந்தால் குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, அதோடு மாகஸ்தோட்ட. கார்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக ஏறும், நேரம் குறிப்பார்கள், குறைந்த நேரம் எடுத்தவர் வெற்றியாளர். துரைமார் தொடங்கிய விளையாட்டுத்தான். ஆனால் கொழுந்து மலையில் நின்று பார்த்தது எங்கள் ஆட்களும்தான். பார்த்த பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா?

இனி அந்த வேனின் டயருக்கு வருவோம்.

வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் உடல் வெளிப்பக்கம் சாயும். அதோடு சேர்ந்து வெளிப்பக்கச் சில்லும் சாய்ந்து, டயரின் வெளி விளிம்பு மட்டும் தரையைப் பிடிக்கும். இதைத் தடுக்கப் பந்தயக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? நேராக நிற்கும்போதே சில்லின் மேல்பகுதி காரை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும்படி வைக்கிறார்கள். இதற்கு நெகட்டிவ் கேம்பர் என்று பெயர். வளைவில் கார் சாயும்போது சில்லு நிமிர்ந்து, டயர் முழு அகலத்திலும் தரையைப் பிடிக்கும். மாகஸ்தோட்ட போல வளைவுக்கு மேல் வளைவாக ஏறும் பாதைக்கு அது சரியான கணக்கு.

ஆனால் எங்கள் வேன் தினமும் பந்தயம் ஓடுவதில்லை. நேர்ப்பாதையில் போகும்போது உள்ளே சாய்ந்த சில்லு உள் விளிம்பில்தான் பாரத்தைத் தூக்குகிறது. ஸ்பிரிங்கைக் குறைத்தால் பெரும்பாலான வாகனங்களில் இந்தச் சாய்வு தானாகவே கூடும். அதோடு 'டோ' எனப்படும் அளவும் மாறும். மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சில்லுகளும் நேராகப் பார்க்கின்றனவா, உள்ளே பார்க்கின்றனவா, வெளியே பார்க்கின்றனவா என்பதுதான் டோ. அது பிழைத்தால் டயர் உருள்வதோடு சேர்ந்து பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். கேம்பர் மட்டும் கூடியிருந்தால் டயர் மெதுவாகத் தேயும். டோவும் பிழைத்திருந்தால் சில ஆயிரம் கிலோமீற்றரில் உள் விளிம்பு போய்விடும். ஸ்பிரிங்கைக் குறைத்துவிட்டு எலைன்மென்ட் பார்க்காமல் விட்டதன் விலைதான் அந்தக் கம்பி.

இந்த உரசலை மனிதர் மோட்டார் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். வண்டி திரும்பும்போது உட்பக்கச் சில்லு கூடுதலாகவும் வெளிப்பக்கச் சில்லு குறைவாகவும் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இழுபடும் என்பதை 1817இல் மியூனிக்கில் குதிரை வண்டி செய்த லங்கன்ஸ்பெர்கர் கண்டு அதற்கொரு பொறிமுறை செய்தார். அடுத்த வருடம் லண்டனில் அக்கர்மன் அதற்குக் காப்புரிமை எடுத்தார். இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது, கல்வெட்டையும் நாணயத்தையும் மூலாதாரமாக வாசிக்க வேண்டும் என்று. டயரும் அப்படித்தான். தேய்ந்த செருப்பைப் பார்த்து ஒருவரின் நடையைச் சொல்வதில்லையா? அதே வேலைதான்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் மேலே சொன்ன கேம்பர், டோ கோளாறு. உள்ளங்கையை டயரின் குறுக்கே இப்படியும் அப்படியும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வாள் பல் போலவும் பட்டால் அது டோ. வட்டமாக அங்கங்கே குழி விழுந்து தேய்ந்தால் ஷொக் எப்சோபர் போயிருக்கலாம், அல்லது சில்லு பெலன்ஸ் இல்லை. ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால் பிரேக் இறுகிச் சில்லு சுற்றாமல் இழுபட்டிருக்கிறது.

மலைநாட்டுக்கென்று ஒரு விதிவிலக்கும் உண்டு. முன் டயர்களின் வெளி ஓரம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். இறக்கத்தில் பாரம் முழுக்க முன்னுக்கு வருகிறது, அதோடு ஊசி வளைவுகள். அது பாதையின் கையெழுத்து. ஆனால் இடது டயரும் வலது டயரும் வெவ்வேறு விதமாகத் தேய்ந்தால், அல்லது உள் ஓரம் தேய்ந்தால், அது வாகனத்தின் நோய். அப்போது கராஜுக்குப் போக வேண்டும். புது டயரை மட்டும் மாற்றினால் அதுவும் அதே மாதிரித் தேயும்.

பந்தயக்காரர்களின் நல்ல பழக்கம் ஒன்றை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஓடி வந்தவுடன் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்திலும் சூட்டை அளந்து பார்த்துக் காற்றையும் சாய்வையும் திருத்துவார்கள். அவர்களுடைய டயரின் இறப்பர் மென்மையானது. நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். அது தெரிந்தேதான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பார்க்கிறார்கள். நாங்கள் அகல டயரை எடுத்தோம், குட்டைச் சுவரை எடுத்தோம், சாய்வை எடுத்தோம். பார்ப்பதை விட்டுவிட்டோம்.

"மேலே வந்தால் காற்று மாறும், அதுதான் தேய்கிறது" என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர். கொழும்பில் அடித்த டயரின் அளவு, வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், இங்கே ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடத் தெரியும். ஆனால் குளிரால் அதில் பெரும்பகுதி குறையும். இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு சமன் செய்துவிடும். ஆகவே குற்றம் மலையில் இல்லை. மாதக்கணக்காகக் காற்றுப் பார்க்காத எங்களில்தான்.

நாட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனை வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். இடையில் பொருளாதார நெருக்கடி. டயர் விலையைக் கேட்டுத் தலைசுற்றாதவர் யார்? பழைய டயரை வாங்கிப் போட்டவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஆனால் வாங்கும்போது இரண்டு ஓரத்தையும் பாருங்கள். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளத்துக்குள் சிறிய மேடு இருக்கும். இறப்பர் அந்த மேட்டின் அளவுக்கு, அதாவது 1.6 மில்லிமீற்றருக்குத் தேய்ந்துவிட்டால் மழையில் தண்ணீரைத் தள்ள அந்த டயரால் முடியாது.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல வீதியில் 7 பேரை இழந்தோம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்ல பஸ் விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவற்றுக்கு டயர்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த வீதிகள் சின்னப் பிழையைக்கூட மன்னிப்பதில்லை என்பதற்காகவே நினைவுபடுத்துகிறோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்து வாகனத்தை நிறுத்தும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு இறங்குங்கள். முன் டயரின் உட்பக்கம் கண்ணுக்குத் தெரியும். குனிந்து கையால் தடவிப் பாருங்கள். பிறகு மறுபக்கம். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகும் சகோதரர்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. பாடசாலை வேன் ஓட்டும் தம்பிமாருக்கு இதைக் கட்டாயம் பகிருங்கள். அவர்கள் ஏற்றிச் செல்வது எங்கள் எல்லோருடைய பிள்ளைகளையும்.

அந்த வேன் டிரைவர் தம்பி மறுவாரமே ஸ்பிரிங்கைப் பழையபடி மாற்றி, எலைன்மென்ட் செய்துவிட்டு எங்களுக்குப் போட்டோ அனுப்பினார். வேன் இப்போது முன்பு போல ஸ்டைலாக இல்லையாம். ஆனால் திருப்பினால் திரும்புகிறதாம்.

அல்லாஹ் எல்லோருடைய பயணங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.