போர்டு மட்டும் இருந்தால் மன்றமா? – கிராமத்து இளைஞர் மன்றங்களின் கதை

தூத்துக்குடியின் வடக்கு ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கிறது திரேஸ்புரம். அங்கிருந்து தெற்கே புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று கரையோரமாகவே போனால், சாயங்கால நேரத்தில் பல ஊர்களில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். மணலில் இரண்டு கம்பம், நடுவில் ஒரு வலை, இரண்டு பக்கமும் பையன்கள், வாலிபால். பக்கத்தில் எங்காவது ஒரு சின்ன அறை, அதன் மேல் பெயிண்ட் உரிந்த ஒரு போர்டு: ஏதோ ஓர் இளைஞர் மன்றம்.

அந்தப் போர்டு எப்போது வைக்கப்பட்டது என்று கேட்டால் உடனே பதில் வரும். மன்றம் கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்!

தமிழ்நாட்டின் கிராமங்களில் மன்றம் தொடங்குவது சுலபம். ஒரு குடியரசு தினம், ஒரு பொங்கல் விளையாட்டுப் போட்டி, ஒரு கேரம் போர்டு போதும். மூன்றாவது வருஷம் செயலாளர் கப்பல் வேலைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். பொருளாளருக்குக் கல்யாணம் ஆகிவிடும். மன்றம் போர்டாக மட்டும் மிஞ்சும். ஏன் இப்படி ஆகிறது? சில மன்றங்கள் மட்டும் எப்படி நின்றன? இதற்கு விடை தேடினால் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

மக்காச்சோளமும் தக்காளியும்

1902 ஜனவரி 15. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். ஆல்பர்ட் கிரஹாம் என்ற பள்ளி அதிகாரி, சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகள் சுமார் 30 பேரை நீதிமன்றக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டினார். அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. வேலை கொடுத்தார். நல்ல சோள விதையைத் தேர்ந்தெடுப்பது, தோட்டம் போடுவது, வீட்டு நிலத்து மண்ணை லிட்மஸ் தாளால் சோதிப்பது ஆகியவைதான் அந்த வேலைகள்.

இதற்குப் பின்னால் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. அந்தக் காலத்து விவசாயிகள் பல்கலைக்கழகத்தின் புதிய முறைகளை எளிதில் நம்பவில்லை. ஆனால் தன் மகனே தன் நிலத்தின் ஒரு மூலையில் செய்து காட்டினால் எந்த அப்பாவும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. 1910-ல் தென் கரோலினாவில் மேரி குரோமர் என்ற ஆசிரியை, பெண் பிள்ளைகளுக்காகத் தக்காளி மன்றம் ஆரம்பித்தார். ஒவ்வொருத்திக்கும் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் நிலம். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். இப்படிப் பல இடங்களில் முளைத்த மன்றங்கள் சேர்ந்துதான் பின்னாளில் ஃபோர்-எச் இயக்கம் ஆயின. 1914-ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் அதற்கு அரசின் துணையைக் கொடுத்தது.

1921-ல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஹெமியாக் என்ற ஊரில் முதல் இளம் விவசாயிகள் மன்றம் தோன்றியது. அங்கே பிள்ளைகளின் கையில் கொடுக்கப்பட்டது கன்றுக்குட்டி! வளர்ப்பது அவர்கள் பொறுப்பு.

மூன்று இடங்களிலும் ஒரு பொது அம்சத்தைக் கவனிக்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு பொருள், அதற்கு ஒரு பொறுப்பு, முடிவில் ஒரு கணக்கு. ஃபோர்-எச் மன்றப் பிள்ளைகள் தாங்கள் செய்த வேலையையும் செலவையும் பதிவேட்டில் எழுதி வைப்பது இன்று வரை தொடரும் வழக்கம்.

மார்த்தாண்டத்துத் தேன்

இந்தக் கதையின் தமிழ் அத்தியாயம் திரேஸ்புரத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில்தான் நடந்தது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல்தான் அந்தப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது.

சேலத்தில் 1876-ல் பிறந்தவர் கே.டி. பால். 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டவரும்கூட. ஒய்.எம்.சி.ஏ. என்றால் அதுவரை நகரத்துப் படித்த வாலிபர்களின் இடம் என்றுதான் பெயர். 'இந்தியாவின் வாலிபர்கள் கிராமத்தில் அல்லவா இருக்கிறார்கள்?' என்ற கேள்வி பாலைக் கிராமங்களின் பக்கம் திருப்பியது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பே சங்கத்தின் கிராமப் பணி ஆரம்பித்துவிட்டது. கூட்டுறவுக் கடன்தான் அதன் முதல் ஆயுதம். வட்டிக்கடைக்காரரின் கையில் இருக்கும் குடும்பத்துப் பையனுக்கு விளையாட்டும் பஜனையும் மட்டும் போதாது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

1920களில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். சுற்றியிருந்த கிராமங்களில் சிறு சிறு ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் இயங்கின. பெயரிலேயே வாலிபர் சங்கம். அதாவது அவை கிராமத்து இளைஞர் மன்றங்கள்தான். இரவுப் பள்ளி, விளையாட்டு, நாடகம் எல்லாம் இருந்தன. கூடவே தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, பனை வெல்லத்தைச் சுத்தமாகக் காய்ச்சுவது, நெசவு என்று வருமானம் தரும் வேலைகளும் இருந்தன.

ஹாட்ச்சின் கொள்கை எளிமையானது. ஏழைக் குடும்பத்தால் தன் சொந்தக் காசில் செய்ய முடியாத எதையும் செய்து காட்டக் கூடாது. வெளிநாட்டு விலையுயர்ந்த தேன்பெட்டி வேண்டாம், உள்ளூர் தச்சர் செய்யக்கூடிய மலிவான பெட்டி போதும். நிபுணர் யோசனை சொல்லலாம், உழைப்பு கிராமத்தாருடையதாக இருக்க வேண்டும். முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டுறவு முறையில் விற்றதும் இந்த வழியில்தான். ஒரு வீட்டின் நாலு முட்டைக்குப் பேரம் பேசும் சக்தி கிடையாது. பல வீட்டு முட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து, தரமும் உறுதியானால், தூரத்து ஊர் வியாபாரியும் விலை கொடுப்பார். வணிகவியல் வகுப்பில் படிக்கும் சந்தைப்படுத்தல் பாடத்தை மார்த்தாண்டத்து வாலிபர்கள் கோழிமுட்டையை வைத்தே படித்துவிட்டார்கள் எனலாம்.

இந்த அனுபவங்களை ஹாட்ச் 1932-ல் புத்தகமாக எழுதினார். பிறகு இந்தியாவை விட்டுப் புறப்பட்டு மெக்சிகோவில் இதே முறையை முயன்று பார்த்தார். அவர் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் மார்த்தாண்டம் என்றால் தேன் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிகிறது. தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் அங்கே வேரூன்றியது. ஆரம்பித்து வைத்த ஆள் போன பிறகும் வேலை நின்றது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

இதே காலத்தில் வங்காளத்தில் தாகூர் 1922-ல் ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். அங்கே லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் துணையோடு கிராமத்துச் சிறுவர்களின் 'விரதி பாலகர்' குழுக்கள் அமைந்தன. சாரணர் முறையை ஒட்டிய அந்தக் குழுக்கள் மலேரியா ஒழிப்பு, தோட்டம் என்று தங்கள் ஊர் வேலைகளிலேயே ஈடுபட்டன.

சர்க்கார் மன்றங்கள்

சுதந்திரத்துக்குப் பின் 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கியது. கிராம சேவக் வந்தார். ஊருக்கு ஓர் இளைஞர் மன்றம், ஒரு மாதர் சங்கம் என்று அமைப்பதும் அவருடைய வேலைகளில் ஒன்று. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு சேவக்கிடம் பல கிராமங்கள். மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையில் 'எத்தனை மன்றங்கள்?' என்ற கட்டம் இருக்கும். 'எத்தனை முறை கூடின?' என்பது யாருக்கும் அவசரமில்லை. 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு இந்தத் திட்டத்தை ஆராய்ந்துவிட்டு, உள்ளூர் மக்களின் சொந்த முயற்சியைத் தட்டியெழுப்ப அது தவறிவிட்டது என்று சொன்னது. பஞ்சாயத்து ராஜ் என்ற யோசனை வலுப்பெற்றது அந்த அறிக்கையிலிருந்துதான்.

அடுத்து வந்தவை இரண்டு முயற்சிகள். ஒன்று, மாணவர்களுக்கானது. 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பமான நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். இரண்டு வருஷத்தில் 240 மணி நேர சேவை, ஏழு நாள் கிராம முகாம் என்பது அதன் கணக்கு. இன்னொன்று, கல்லூரிக்குப் போகாத கிராமத்து இளைஞர்களுக்கானது. 1972-ல் வந்த நேரு யுவ கேந்திரா. 1987-ல் அது தன்னாட்சி அமைப்பாக மாறியது. ஆயிரக்கணக்கான கிராம மன்றங்கள் அதன் பட்டியலில் சேர்ந்தன. விளையாட்டுச் சாமான், பயிற்சி முகாம், மாவட்ட விருது எல்லாம் அந்த வழியாகக் கிடைத்தன. 2023 அக்டோபர் 31-ல் மத்திய அரசு 'மேரா யுவ பாரத்' என்ற புதிய அமைப்பைத் தொடங்கி, இணையத்தில் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்தில் பெயரும் முறையும் மாறிவிட்டன. கடற்கரை மன்றத்தின் அறைக்குள் கேள்வி மட்டும் அதே கேள்வி: இதை நடத்துவது யார்?

தமிழ்நாட்டுக்கு என்று ஒரு தனி வரலாறும் உண்டு. இங்கே மன்றம் என்ற சொல்லுக்கே கட்சியின் வாசனையும் சினிமாவின் வாசனையும் சேர்ந்து வரும். கட்சிப் படிப்பகங்களில் நாளிதழ் படித்தே அரசியல் கற்றவர்கள் உண்டு. கமல்ஹாசன் தன் ரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றினார். ஆக, கூடும் பழக்கம் தமிழ் இளைஞனுக்குப் புதிதல்ல. யாருக்காகக் கூடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஏழு பேரும் ஒரு நோட்டும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ஐ எடுத்துப் படித்தால் சுவையான விஷயங்கள் கிடைக்கும். ஒரு சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது.

பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு மன்றத்தின் உயிர் இந்த மூன்று விதிகளில்தான் இருக்கிறது. மன்றங்கள் பெரும்பாலும் பணம் இல்லாமல் உடைவதில்லை. பணம் எங்கே போனது என்று தெரியாமல்தான் உடைகின்றன. கோயில் கொடை நேரத்திலோ மாதா திருவிழா நேரத்திலோ வசூலித்த பணத்துக்கு ரசீது இல்லை என்றால், அடுத்த வருஷம் அந்த வீட்டுக் கதவு திறக்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, மாதச் சந்தா பத்து ரூபாய், எல்லார் முன்னாலும் கணக்கை வாசிக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் ஒரு மன்றத்துக்குக் கட்டிடத்தைவிடப் பெரிய சொத்து.

மறுபடியும் திரேஸ்புரம்

கடலோர ஊருக்கு என்று சில நடைமுறைகள் உண்டு. வள்ளம் கடலுக்குப் போகும் நேரத்தில் கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் வரும். கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாத வழக்கம் இருப்பதால் அன்றைக்குத்தான் ஆள் சேரும். சங்கு குளிப்பவர், வலைத்தொழில் செய்பவர், ஐஸ் கம்பெனியில் சுமை தூக்குபவர், கல்லூரிக்குப் போகிறவர் என்று ஒரே தெருவில் நாலு வித நேரம். இதைத் தெரியாமல் வெளியிலிருந்து வரும் மாணவர் குழு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விழிப்புணர்வு ஊர்வலம் வைத்துவிட்டு, 'மக்களுக்கு ஆர்வமில்லை' என்று அறிக்கை எழுதும்.

செய்ய வேண்டிய வேலையையும் தேடிப் போக வேண்டாம். தூத்துக்குடி நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து வரும் பக்கிள் ஓடை, திரேஸ்புரத்தில்தான் கடலில் கலக்கிறது. ஒருநாள் கையுறை போட்டுக் குப்பை பொறுக்கிப் புகைப்படம் எடுப்பது ஒரு முறை. எந்த மாதம் தண்ணீர் எப்படி இருக்கிறது, எங்கே அடைப்பு, எந்த மனு எந்தத் தேதியில் யாரிடம் கொடுக்கப்பட்டது என்று மன்றத்து நோட்டில் வருஷக்கணக்கில் எழுதி வைப்பது இன்னொரு முறை. முதலாவது செய்தித்தாளில் வரும். இரண்டாவதை எந்த அதிகாரியும் சுலபமாக மறுக்க முடியாது.

ஒரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் 1902-லேயே முதல் கூட்டத்தில் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். இங்கே இன்னும் பெரும்பாலான மன்ற அறைகள் பையன்களின் அறைகளாகவே இருக்கின்றன. மீன் விற்கும் அம்மாக்களின் கையில்தான் கடலோர வீட்டின் பல கணக்குகள் ஓடுகின்றன. அவர்களுடைய மகள்கள் மன்றத்துக்கு வெளியே நிற்பது நியாயமா? பொருளாளர் பதவியை ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பார்த்தாலே பல மன்றங்களின் கதை மாறிவிடும்.

ஏழு நாள் முகாமுக்காகவோ ஒரு வருஷ வேலைக்காகவோ ஒரு கிராமத்து மன்றத்தில் சேரும் கல்லூரி மாணவருக்கு இந்த வரலாறு சொல்லும் புத்தி ஒன்றுதான். மேடை போட வேண்டாம். பெஞ்சில் கடைசியாக உட்காரலாம். நோட்டு எழுதத் தெரியாதவருக்கு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். புறப்படும் நாளில் பேனா உள்ளூர்க்காரர் கையில் இருக்க வேண்டும்.

ஹாட்ச் போனார், மார்த்தாண்டத்தில் தேன் இருக்கிறது. முகாம் முடிந்து பஸ் ஏறிய பிறகு அந்த ஊரில் என்ன இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு மன்றத்துக்கும், அதில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் மார்க்கு.