எம்.ஐ.டி.யை வென்ற பள்ளிக்கூடமும் அதற்குப் பின் வந்த சட்டமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரின் மேற்குப் பகுதியில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். 2004ஆம் ஆண்டு அந்தப் பள்ளியின் ரோபாட்டிக்ஸ் மன்றத்தைச் சேர்ந்த நான்கு பையன்கள், கல்லூரிகளுக்கான நீரடி ரோபாட் போட்டியில் கலந்துகொண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை, அதாவது எம்.ஐ.டி.யை, இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். இந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகைக் கட்டுரையாக வந்தது, புத்தகமாக வந்தது, 2015இல் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று ஹாலிவுட் படமாகவும் வந்தது. 'உழைத்தால் உயரலாம்' என்ற தலைப்பில் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு இதைவிடத் தோதான கதை கிடைக்காது.

அப்படி அனுப்பப்படும்போது கதை கோப்பையை வாங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ஒன்று நடந்தது. பின்னால் பதினெட்டு ஆண்டுகள் வரை நடந்தவை இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் இது வரலாறு ஆகும்.

முதலில் 2002. அதே பீனிக்ஸ் நகரம், வேறொரு பள்ளி: வில்சன் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி. அதன் மாணவர்கள் சூரிய ஒளியில் ஓடும் படகு ஒன்றைக் கட்டி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் நடந்த போட்டிக்குப் போனார்கள். அவ்வளவு தூரம் போன பிள்ளைகளுக்கு அருகிலிருக்கும் நயாகரா அருவியைக் காட்டலாம் என்று ஆசிரியர்கள் அழைத்துப்போனார்கள். கனடா பக்கம் போய்ப் பார்க்கப் பள்ளி அடையாள அட்டை போதுமா என்று ஓர் ஆசிரியர் விசாரித்தார். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. குடியேற்ற அதிகாரிகள் மாணவர்களிடம் வந்து குடியுரிமை பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். விசாரணை பல மணி நேரம் நீண்டது. நான்கு பேர் மீது நாடு கடத்தும் வழக்கு போடப்பட்டது. நான்கு பேருமே விவரம் தெரியாத வயதில் பெற்றோரால் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்கள். தோற்றத்தைப் பார்த்துத்தான் அவர்களைப் பிடித்திருக்கிறார்கள் என்று கூறி 2005இல் குடியேற்ற நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மூன்று ஆண்டுகள், அந்த வயதில்.

தோற்றத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, ஊரில் எந்தப் பக்கத்துத் தெரு என்று விசாரித்து ஒருவரை எடைபோடுவது என்னவென்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கார்ல் ஹேடனுக்கு வருவோம். மன்றத்தை நடத்தியவர்கள் இரண்டு ஆசிரியர்கள். கடல் அறிவியல் கற்பித்த ஃப்ரெடி லஜ்வர்தி ஈரானில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்தவர். ஆலன் கேமரன் கணினி ஆசிரியர். (ஹாலிவுட் படம் இரண்டு பேரையும் கலந்து ஒரே ஆளாக்கிவிட்டது. ஒற்றை மீட்பர் இருந்தால்தான் சினிமாவுக்கு வசதி.) அவர்களின் குழுவில் இருந்த நான்கு பேரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பள்ளித் தொழில்நுட்ப மன்றம் என்றதும் நம் மனதில் வரும் முகங்கள் வேறு.

கிறிஸ்டியன் அர்செகா நாம் எதிர்பார்க்கிற மாதிரியான ஆள்தான். படிப்பில் முதல், சின்ன வயதிலிருந்தே பொருள்களைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பவன். லொரென்சோ சாண்டியான் அப்படியில்லை. வகுப்பில் கேலிக்கு ஆளானவன், தெருக் கும்பல்களின் ஓரத்தில் சுற்றியவன், ஆனால் கார் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலையைப் பார்த்துப் பழகியவன். லூயிஸ் அராண்டா நல்ல உயரம், கனத்த உடம்பு, அதிகம் பேசாதவன், பள்ளி நேரம் போக உணவகச் சமையலறையில் வேலை செய்தவன். ஆஸ்கர் வாஸ்கெஸ் பன்னிரண்டு வயதில் அமெரிக்கா வந்தவன். நம் ஊர் என்.சி.சி. போன்ற பள்ளி ராணுவப் பயிற்சியில் சிறந்து விளங்கி, ராணுவத்தில் சேரக் கனவு கண்டவன். ஆவணம் இல்லாதவர்களுக்கு ராணுவத்தில் இடமில்லை என்று தெரிந்த பிறகுதான் ரோபாட்டிக்ஸ் மன்றத்துக்கு வந்தான்.

தலைவன் ஆனது கிறிஸ்டியன் அல்ல, ஆஸ்கர். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இது. மதிப்பெண்ணில் முதலில் இருப்பவன்தான் தலைவன் என்பது நம் பள்ளிகளில் எழுதப்படாத சட்டம். வகுப்புத் தலைவன், அறிவியல் மன்றச் செயலாளர், ஆண்டுவிழாவில் நன்றியுரை, எல்லாம் அதே இரண்டு மூன்று பேருக்குத்தான் போகும். களப்பணியில் நான் பார்க்கும் பள்ளிகளிலும் அறிவியல் கண்காட்சி அன்று மாதிரியின் பக்கத்தில் நின்று விளக்குவது ஒரு பிள்ளை, தெர்மோகோல் வெட்டி ஒட்டியது வேறொரு பிள்ளை. கார்ல் ஹேடனில் ஆஸ்கர் செய்த வேலை, ஆளுக்கு எது கைவருமோ அதைக் கொடுத்து நால்வரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தது. கணக்கு கிறிஸ்டியனுக்கு, இயந்திர வேலை லொரென்சோவுக்கு, ரோபாட்டோடு இணைந்த கனமான கேபிளைக் கையாளுவது லூயிஸுக்கு. உள்ளூர்க் கடைகளிலும் நிறுவனங்களிலும் ஏறி இறங்கி நன்கொடை கேட்டதிலும் ஆஸ்கருக்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பநிலை அளக்கும் உணரி பற்றித் தெரியாதபோது, அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பொறியாளருக்கே நேராகத் தொலைபேசியில் பேசிக் கேட்டார்கள். 'எங்களுக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்கக் கூச்சப்படாததும் ஒரு திறமைதான். எந்த மதிப்பெண் பட்டியலிலும் அது வராது.

திரட்டிய பணம் சுமார் 800 டாலர். எம்.ஐ.டி. குழுவிடம் 10,000 டாலருக்கு மேல் இருந்தது. எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் அவர்களுக்கு நிதி கொடுத்திருந்தது. விலை உயர்ந்த உலோகச் சட்டம் வாங்க முடியாததால் கார்ல் ஹேடன் பிள்ளைகள் பிவிசி குழாயில் உடம்பு செய்தார்கள். குழாயை ஒட்டிய பசையின் நாற்றம் தாங்காமல் ரோபாட்டுக்கு 'ஸ்டிங்கி', அதாவது நாற்றம் பிடித்தவன், என்று பெயர் வைத்தார்கள்.

போட்டியை நடத்தியது கலிபோர்னியாவின் மான்டெரே நகரிலுள்ள 'மேட்' என்ற கடல்சார் தொழில்நுட்பக் கல்வி மையம். 2004 ஜூனில் சாண்டா பார்பரா பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் நடந்தது. உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவு இருந்தும் ஆசிரியர்கள் கல்லூரிகள் பங்கேற்கும் உயர் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். காரணம் எளிமையானது: பள்ளிகளோடு மோதிக் கடைசியாக வந்தால் அவமானம், கல்லூரிகளோடு மோதித் தோற்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கடைசி இடம் வராமல் இருந்தால் போதும் என்பதே அவர்களுடைய இலக்கு.

அங்கே போய் ஒத்திகை பார்த்தபோது மின்சுற்றுகள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. பெட்டியைப் புதிதாகச் செய்ய நேரமில்லை. மாதவிடாய்க்குப் பெண்கள் பயன்படுத்தும் டாம்பான் நீரை நன்றாக உறிஞ்சும் என்ற யோசனை வந்தது. லொரென்சோ கடைக்குப் போய், வெட்கத்தை விட்டு, அங்கிருந்த ஒரு பெண்ணிடம் எது நல்லது என்று கேட்டு வாங்கி வந்தான். இரவெல்லாம் உட்கார்ந்து ஒயர்களை மறுபடி சால்டரிங் செய்தார்கள். மறுநாள் ஸ்டிங்கி நீந்தியது. நீருக்கடியில் இருந்த பீப்பாயிலிருந்து திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவரும் கடினமான வேலையைப் பல குழுக்களால் செய்ய முடியவில்லை. இவர்கள் ஒரு செப்புக் குழாய், சிறிய பம்பு, பலூன் ஆகியவற்றை வைத்து அதைச் செய்தார்கள்.

குளத்தில் நடந்த சுற்றில் அவர்கள் முதலிடம் பெறவில்லை, எம்.ஐ.டி. உட்பட இரண்டு குழுக்கள் முன்னால் இருந்தன. வென்றது பொறியியல் நேர்காணலிலும் எழுதிய அறிக்கையிலும்தான். நிபுணர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்கு, பவர்பாயிண்ட் இல்லாமல் ஒரு அட்டைப் பலகையை மட்டும் வைத்துக்கொண்டு, நான்கு பேரும் பதில் சொன்னார்கள். லொரென்சோவிடம் கேட்டாலும் மோட்டாரின் வேகத்தை மின்துடிப்பு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று விளக்கினான். ஒருவன் மட்டும் தெரிந்து வைத்திருந்து மற்றவர்கள் பின்னால் நின்றிருந்தால் அந்த அறையில் தோற்றிருப்பார்கள்.

பரிசளிப்பில் முதலில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு சிறப்புப் பரிசைக் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகள் என்று இரக்கப்பட்டுக் கொடுக்கிற ஆறுதல் பரிசு என்றே லொரென்சோவுக்குத் தோன்றியது. இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தன் உழைப்புக்குக் கிடைக்கும் பாராட்டைக்கூடச் சந்தேகப்பட வைக்கும் அளவுக்கு ஒரு பிள்ளையிடம் இந்தச் சமூகம் வேலை செய்து முடித்திருக்கிறது. அதன் பிறகு வடிவமைப்புக்கான பரிசு, தொழில்நுட்ப எழுத்துக்கான பரிசு, கடைசியாக ஒட்டுமொத்த முதலிடம். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதியதற்கான பரிசு!

இனி பின்கதை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் 'பிளைலர்' வழக்கில், ஆவணம் இல்லாத குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற ஒற்றை வாக்கில். கார்ல் ஹேடனின் கதவு திறந்திருந்தது அதனால்தான். தீர்ப்பு பள்ளியோடு நின்றது, கல்லூரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 2006 நவம்பரில் அரிசோனா மக்கள், 'முன்மொழிவு 300' என்ற சட்டத்துக்கு 70 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு வாக்களித்தார்கள். ஆவணம் இல்லாத மாணவர்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்க முடியாது, மாநில நிதியிலிருந்து உதவித்தொகையும் பெற முடியாது. கட்டணம் பல மடங்கு ஏறியது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த கிறிஸ்டியன் படிப்பை நிறுத்தினார். எம்.ஐ.டி.யை வென்ற குழுவின் மூளையாக இருந்தவர் கட்டுமானப் பொருள் விற்கும் கடையில் வேலைக்குப் போனார். லொரென்சோவும் லூயிஸும் சமையல் தொழிலுக்குப் போனார்கள். அது ஒன்றும் இழிவான தொழில் இல்லை, ஆனால் வேறு எதையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்கள் முன் எந்த அளவுக்கு இருந்தது என்பதே கேள்வி.

ஆஸ்கர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு 2009இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு சட்டப்படி நடக்கலாம் என்று தானாகவே மெக்சிகோவுக்குத் திரும்பி விசாவுக்கு விண்ணப்பித்தார். ஆவணம் இல்லாமல் தங்கியிருந்த குற்றத்துக்குப் பத்து ஆண்டுகள் உள்ளே வரத் தடை என்று பதில் வந்தது. மனைவியும் குழந்தையும் அமெரிக்கக் குடிமக்கள். செனட்டர் டிக் டர்பின் நாடாளுமன்றத்தில் அவரைப் பற்றிப் பேசிய பிறகு, 2010இல் தடை நீக்கப்பட்டு விசா கிடைத்தது. வந்தவர் ராணுவத்தில் சேர்ந்தார், குடியுரிமை பெற்றார், ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். பள்ளிப் பிள்ளையாக அவர் கேட்டு மறுக்கப்பட்ட அதே வேலை. செனட்டர் பேசாத ஆயிரக்கணக்கான ஆஸ்கர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் படமும் எடுக்கப்படவில்லை.

'தகுதி, திறமை' என்று இங்கே நம் காதில் ஓதப்படும் சொற்களை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நால்வரும் உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோலில் தகுதியை நிரூபித்தவர்கள். நிரூபித்த இரண்டே ஆண்டில், அளவுகோல் இருக்கும் இடத்துக்கு வரும் வழியை ஒரு மாநிலம் வாக்குச்சீட்டால் அடைத்தது. கிறிஸ்டியன் எந்தத் தேர்விலும் தோற்று வெளியேறவில்லை.

இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு பெயர் துல்ஸே மாட்டூஸ். கார்ல் ஹேடனின் அதே ரோபாட்டிக்ஸ் மன்றத்தில் வளர்ந்த பெண். மின்பொறியியல் படித்தும், ஆவணம் இல்லாததால் பொறியாளராக வேலை பார்க்க முடியாத நிலை. அவர் தன் நிலையை மறைக்காமல் வெளிப்படையாகச் சொல்லி, மற்ற மாணவர்களையும் சேர்த்து 'அரிசோனா ட்ரீம் ஆக்ட் கூட்டமைப்பு' என்ற அமைப்பைக் கட்டினார். 2012இல் 'டைம்' இதழ் உலகின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அதே ஆண்டு ஜூனில் அதிபர் ஒபாமா, குழந்தைகளாக வந்தவர்களை நாடு கடத்தாமல் தற்காலிக வேலை அனுமதி தரும் 'டாக்கா' திட்டத்தை அறிவித்தார். உடனே அரிசோனா ஆளுநர் ஜேன் புரூவர், அந்த அனுமதி பெற்றவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது என்று ஆணையிட்டார். பேருந்து வசதி குறைந்த ஊரில் உரிமம் இல்லையென்றால் வேலை அனுமதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2014 கடைசியில் உரிமங்கள் கிடைக்கத் தொடங்கின.

பட்டறையில் கற்றதை அவர் வீதிக்குக் கொண்டுவந்தார் என்று நான் வாசிக்கிறேன். ஆளுக்கொரு வேலை, பணம் திரட்ட எல்லாக் கதவையும் தட்டுவது, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது, கசிவு வந்தால் கையில் கிடைத்ததை வைத்து அடைப்பது. ஸ்டிங்கியைக் கட்டியவர்களும் இதையேதான் செய்தார்கள். ஆனால் 'ஸ்பேர் பார்ட்ஸ்' படம் பையன்களைப் பற்றியது. துல்ஸேயைப் பார்க்க வேண்டுமென்றால் 2014இல் வந்த 'அண்டர்வாட்டர் ட்ரீம்ஸ்' என்ற ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள்.

முன்மொழிவு 300இன் கல்விக் கட்டணப் பகுதியை மாற்ற 2022 நவம்பரில் அரிசோனாவில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. 'முன்மொழிவு 308' குறுகிய வித்தியாசத்தில் வென்றது. அரிசோனாவில் உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகள் ஆவணம் இல்லாவிட்டாலும் உள்ளூர்க் கட்டணத்தில் கல்லூரி செல்லலாம் என்றானது. இடையில் பதினாறு ஆண்டுகள் போயிருந்தன. ஸ்டிங்கியைக் கட்டிய பிள்ளைகளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதை ஒட்டி ஆகியிருந்தது.