கார்புரேட்டர் வளர்ந்த வரலாறு

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. எடையைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. காற்று மிகக் குறைந்தால் கரும்புகை எழும். மிகக் கூடினால் இயந்திரம் திணறி நின்றுவிடும். மகிழுந்து தோன்றிய காலந்தொட்டு ஏறத்தாழ நூறாண்டுகள் இக்கலவையை உண்டாக்கிக் கொடுத்தது, இரு கைகளுக்குள் அடங்கிவிடும் ஓர் உலோகக் கருவியே. கார்புரேட்டர் என்பது அதன் பெயர். ‘கலப்பி’ என்று அதனைத் தமிழில் அழைக்கலாம். ஆயினும், பட்டறைத் தொழிலாளர்கள் வழங்காத சொல்லைப் புகுத்துவதைவிட, அவர்கள் நாவில் பழகிய சொல்லையே ஆளுதல் நன்று எனக் கருதுகிறேன்.

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் நினைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வகுப்பறைகளில் ஊறிப்போய்விட்டது. கருவிகளுக்கும் வரலாறு உண்டு. கார்புரேட்டரின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவோர்க்கு ஒரு வினா மீண்டும் மீண்டும் எழும். கலவையின் அளவை முடிவு செய்யும் உரிமை யாருடையது? ஓட்டுபவருடையதா, கருவியினுடையதா, அதனைச் சரிபார்க்கும் தொழிலாளியினுடையதா, சட்டம் இயற்றும் அரசினுடையதா? காலத்துக்குக் காலம் இதற்கு வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன.

ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கு 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் காப்புரிமை கோரினார். அவ்வண்டியில் இருந்த கார்புரேட்டர் மிக எளியது. எரிபொருள் கலத்தின் வழியே காற்று இழுக்கப்படும். எரிபொருளிலிருந்து எழும் ஆவியைக் காற்று தன்னுடன் கொண்டு செல்லும். அவ்வளவே. வெப்பம் மிகுந்தால் ஆவி மிகும், குளிர்ந்தால் குறையும். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர்தம் துணைவியார் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே தம் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம் அவ்வண்டியில் சென்றார். இடைவழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் லிக்ரோயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கினார். சாலையோரத்தில் எரிபொருள் வழியைத் துப்புரவு செய்து வரலாற்றில் பெயர் பொறித்தவர் ஒரு பெண்மணி என்பதை நம் மாணவியர்க்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆவியை நம்பியிருந்த நிலை 1893-இல் மாறியது. அவ்வாண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகிய இருவரும் பெட்ரோலைத் துளித்துளியாகத் தெளிக்கும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினர். பூ விற்கும் பெண்ணொருத்தி தன் மலர்கள்மீது நீரைத் தெளித்ததைக் கண்டே அவர்களுக்கு இவ்வெண்ணம் உதித்ததாக ஒரு கதை வழங்குகிறது. அதே ஆண்டில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மைபாக்கும் இத்தகைய கருவிக்குப் பிரான்சில் காப்புரிமை பெற்றார். குறுகிய கழுத்து வழியே விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறையும் என்னும் உண்மையை டேனியல் பெர்னூலி 1738-இலும், ஜொவான்னி வெஞ்சுரி 1797-இலும் வெளியிட்ட நூல்கள் ஏற்கெனவே விளக்கியிருந்தன. அக்கழுத்தில் ஒரு நுண்துளையை வைத்தால் பெட்ரோல் தானே உறிஞ்சப்பட்டுச் சிதறும். துளைக்குப் பின்னால் ஒரு சிறு கிண்ணம். அதில் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் மிதவை எழுந்து வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். நீரியல் பாடம் நடத்தும் ஆசிரியர் இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

எனினும், தொடக்கக் காலக் கருவிகளால் எல்லா வேகத்துக்கும் பொருந்தும் அளவை அமைக்க முடியவில்லை. ஆகவே அளவிடும் பொறுப்பு ஓட்டுநரின் தலையில் விழுந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி வண்டியில், கலவையைத் திருத்தும் திருகு ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ஒரு திருப்பு. சூடேறியபின் மறுபுறம் ஒரு திருப்பு. அக்காலத்தில் வண்டி ஓட்டக் கற்பதென்பது, இயந்திரத்தின் ஒலியைக் கேட்கக் கற்பதையும் உள்ளடக்கியிருந்தது.

இச்சுமையைக் கருவியிடமே ஒப்படைக்க முயன்றவர்களுள் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஸ்கின்னர் குறிப்பிடத்தக்கவர். இவர் காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1904-இல் தம் கார்புரேட்டரை உருவாக்கி, மறு ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இளவல் கார்ல் ஸ்கின்னர் அவருக்குத் துணை நின்றார். அதன் தொடக்க வடிவத்தில் சுருங்கி விரியும் தோல் துருத்தி ஒன்று இருந்தது. தம் தாயார் அத்துருத்தியைத் தைத்துக்கொண்டிருந்ததை ஹெர்பர்ட்டின் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். துருத்தியின் இடத்தைப் பின்னர் உலோக உந்துதண்டு பிடித்துக்கொண்டது. 1910-இல் எஸ்.யூ. என்னும் நிறுவனம் பதிவாயிற்று. ‘ஸ்கின்னர் யூனியன்’ என்பதன் சுருக்கமே அப்பெயர். 1926-இல் அதனை வில்லியம் மோரிஸ் வாங்கினார்.

எஸ்.யூ. கார்புரேட்டரின் நுட்பம் இதுதான். காற்று செல்லும் வழியின் மேலிருந்து ஓர் உந்துதண்டு தொங்கும். அதன் அடியில் கீழ்நோக்கிக் கூர்ந்து செல்லும் ஓர் ஊசி. அவ்வூசி பெட்ரோல் துளைக்குள் இறங்கியிருக்கும். இயந்திரம் அதிகக் காற்றை இழுக்கும்போது உந்துதண்டு உயரும்; காற்று வழி அகலும். ஊசியும் உடன் உயர்வதால் அதன் மெல்லிய பகுதி துளைக்கு வரும். பெட்ரோலும் அதிகமாகப் பாயும். காற்றின் வேகம் பெரிதும் மாறாமலே அளவு மட்டும் மாறுகிறது. ஓட்டுநர் திருக வேண்டியது எதுவுமில்லை. முடிவு ஊசியின் வடிவத்திலேயே எழுதப்பட்டுவிட்டது! ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஏற்றவாறு ஊசிகள் கடைந்து, எழுத்துக் குறியீடுகள் இட்டு விற்கப்பட்டன.

மிதவைக் கிண்ணத்துக்கு ஒரு குறை உண்டு. அஃது எப்போதும் நிமிர்ந்தே இருத்தல் வேண்டும். சாலையில் இதனால் பெருந்தொல்லை இல்லை. வானத்தில் உயிரே போயிற்று. 1940-ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில், ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மெர்லின் இயந்திரங்களில் எஸ்.யூ. நிறுவனத்தின் மிதவைக் கார்புரேட்டரே பொருத்தப்பட்டிருந்தது. விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால், கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எழும்பிவிடும். முதலில் இயந்திரம் எரிபொருளின்றித் தடுமாறும். அடுத்து, மிதவை நிலைமாறி வழியைத் திறந்துவிட, பெட்ரோல் வெள்ளமாய்ப் பாய்ந்து இயந்திரத்தை மூழ்கடிக்கும். ஜெர்மானியரின் மெசர்ஷ்மிட் 109 விமானத்திலோ எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்பட்டது. அதற்கு இத்துன்பம் இல்லை. பகைவன் தலைகுப்புறப் பாய்ந்து தப்பும்போது, ஆங்கில விமானி முதலில் புரண்டு பின்னரே பாய வேண்டியிருந்தது. அந்தச் சில நொடிகளின் விலை பெரிது.

ஃபார்ன்பரோ அரச விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர் இதற்கு ஒரு தற்காலிகத் தீர்வு கண்டார். இவர் 1934-இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் சுற்றி வந்தவர். இயந்திரத்துக்கு உச்ச நிலையில் எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அவ்வளவை மட்டும் விடும் துளையிட்ட ஒரு சிறு உலோகத் தடுப்பை எரிபொருள் வழியில் பொருத்தச் செய்தார். 1941-இன் தொடக்கத்தில் விமானத் தளம் தளமாகச் சென்று அது பொருத்தப்பட்டது. விமானத்தைப் பிரித்துத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியதில்லை. குறை முழுவதும் தீராவிடினும் வெள்ளம் நின்றது. பெரிய சிக்கலுக்குப் பெரிய கருவிதான் தீர்வு என்று நினைக்கும் மாணவர்க்கு இதனைக் காட்டலாம்.

போர் ஓய்ந்தபின், 1948-இல், மோரிஸ் மைனர் மகிழுந்து வெளிவந்தது. அதன் எஸ்.யூ. கார்புரேட்டரும் உடன் வந்தது. 1950-களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஓடிய வண்டிகளில் பிரிட்டிஷ் வண்டிகளே மலிந்திருந்தன. நம் பேச்சு வழக்கில் மகிழுந்து ‘காடி’ ஆயிற்று; பெட்ரோல் ‘எண்ணெய்’ ஆயிற்று. தோட்டத்து லாரிகளையும் துரைமாரின் வண்டிகளையும் பராமரித்தவர்களுள் தமிழர்களும் இருந்தனர். ஆங்கிலக் கையேட்டைப் படிக்கும் வாய்ப்பு அவர்களுள் பலர்க்கு இல்லை. ஆனால் கையேடு சொல்வதை அவர்கள் கைகள் அறிந்திருந்தன.

அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகவே பார்ப்போம். தேர்ந்த தொழிலாளி கார்புரேட்டரை உடனே தொடமாட்டார். முதலில் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை, வெளுத்திருந்தால் குறை, இளம்பழுப்பாக இருந்தால் நன்று. பொறி விழும் நேரமும் வால்வு இடைவெளியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கலவைக்கு வருவார். உந்துதண்டை விரலால் உயர்த்தி விடுவார். ‘டிக்’ என்னும் மெல்லிய ஒலியுடன் அது தடையின்றி விழவேண்டும். விழாவிட்டால் அழுக்கு, அல்லது ஊசி துளையின் நடுவில் இல்லை. அழுக்கைப் பெட்ரோலால் கழுவுவார். உப்புத்தாள் கொண்டு தேய்க்க மாட்டார். நுண்துளையைக் கம்பியால் குத்தவும் மாட்டார்; காற்றால் ஊதுவார். துளை மயிரிழை அளவு அகன்றாலும் ஊசியின் கணக்கு பிழைத்துவிடும். உந்துதண்டின் நடுக்குழலில் மெல்லிய எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்ப்பார். அவ்வெண்ணெய் வற்றினால், வேகத்தை மிதிக்கும் கணத்தில் வண்டி தயங்கும்.

கலவையைத் திருத்த, கருவியின் அடியில் ஆறு பக்கத் திருகு ஒன்று உண்டு. அதனை முழுதும் மேலேற்றி, பின்னர் 12 பக்கங்கள், அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குவது தொடக்க நிலை. மேலேற்றினால் கலவை மெலியும்; இறக்கினால் செறியும். இயந்திரம் சூடேறி மெதுவாக ஓடும்போது, உந்துதண்டை அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு மட்டும் உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகை. இயந்திரம் அணைந்தால் குறை. ஒரு கணம் கூடிப் பழைய வேகத்துக்கே திரும்பினால் சரி. ஒருமுறைக்கு ஒரு பக்கம் திருகி, மீண்டும் கேட்க வேண்டும். புகைபோக்கியின் ஒலியும் செய்தி சொல்லும். ஒழுங்கான தாளத்தில் தவறும் ஒலியும் கரும்புகையும் செறிவைக் காட்டும். தாளமின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தவறினால் மெலிவு. இரட்டைக் கார்புரேட்டர் வண்டியாயின், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். என் மாணவப் பருவத்தில் முதியவர் ஒருவர் ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, மருத்துவரைப் போல் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். அவரிடம் வேறு அளவுமானி எதுவும் இல்லை.

நம் நாட்டு நிலமும் பருவமும் அவர்களுக்குத் தனிப் பாடங்களைக் கற்பித்தன. கடும் வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைக்கும். பம்பின்மேல் ஈரத்துணி போடுவது கைகண்ட முறை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் காற்று அடர்த்தி குறையும். சமவெளியில் சரியாக இருந்த கலவை தானா ராத்தாவில் செறிந்துவிடும்.

செறிந்த கலவை முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். நகரங்களின் காற்று கெட்டபோது அரசுகள் இதில் தலையிட்டன. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1970-இல் கடுமையாக்கப்பட்டது. அப்பத்தாண்டில் வெளிவந்த பல கார்புரேட்டர்களில், கலவைத் திருகின்மேல் மூடி வைத்து முத்திரையிட்டனர். தொழிலாளியின் காது நம்பத் தகாதது என்று சட்டம் கருதியது. அக்கருத்து முற்றும் நியாயமற்றதன்று. இன்பமாக ஒலிக்கும் இயந்திரம் தூய்மையாக எரிகிறது என்பதற்கு உறுதியில்லை. அளவுமானி காணும் வேறுபாட்டைக் காது காண்பதில்லை.

அதற்குள் மாற்று வழியும் தோன்றிவிட்டது. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில், போஷ் நிறுவனத்தின் மின்னணுப் பீய்ச்சுமுறை பொருத்தப்பட்டது. 1976-இல் வோல்வோ வண்டியில், வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிஜனை உணர்ந்து கலவையைத் திருத்தும் உணர்கருவி வந்தது. உந்துதண்டைத் தூக்கிக் காது கேட்டறிந்ததை, இனிமேல் அக்கருவி ஓயாமல் கண்டு சொல்லும். மலேசியாவில் இம்மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. 1985 ஜூலையில் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டருடனேயே புறப்பட்டன. இன்று நம் சாலைகளில் ஓடும் புதிய மகிழுந்துகளில் அக்கருவி இல்லை.

பட்டறைகளில் வழங்கிய அறிவு தமிழில் எழுதப்பட்டது மிகச் சிறிதே. ஆசானிடமிருந்து கையாளுக்குச் செவி வழியாகவே அது சென்றது. பழைய மோட்டார் சைக்கிள்களையும் புல்வெட்டும் இயந்திரங்களையும் சரிபார்ப்போரிடம் அதன் ஒரு பகுதி இன்னும் வாழ்கிறது. அவர்களிடம் அமர்ந்து, அவர்கள் சொல்லும் சொல்லையும் செய்யும் முறையையும் குறித்து வைக்க மாணவர்களை அனுப்பலாம். மொழிப்பாடத்துக்கும் அது பொருந்தும். எஸ்.யூ. கார்புரேட்டரோ முற்றும் மறைந்துவிடவில்லை. பழைய வண்டிகளைப் பேணுவோருக்காக, அதன் உதிரிப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. மோரிஸ் மைனருக்கு உரிய ஊசியை, முன்போலவே எழுத்துக் குறியீட்டைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.