கூர்ம த்ருஷ்டாந்தம் வந்த வழி

மீன் நோக்கியும், ஆமை நினைந்தும், பறவை தீண்டியும் தத்தம் குஞ்சுகளை வளர்க்கின்றன; அவ்வாறே யானும் வளர்க்கிறேன் என்று எம்பெருமான் நான்முகனிடம் அருளிச்செய்வதாக வழங்கும் ச்லோகத்தைக் கேளாத காலக்ஷேப கோஷ்டி இராது. ஆசார்யனுடைய கடாக்ஷம், ஸங்கல்பம், ஸ்பர்சம் ஆகிய மூன்றுக்கும் இதனையே த்ருஷ்டாந்தமாக எடுப்பர். சைவ ஆகமத்தாரும் தீக்ஷையின் வகைகளுக்கு இம்மூன்றையே சொல்லுவர். தகப்பனாரிடம் திண்ணையிலமர்ந்து இதைக் கற்ற அடியேன், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உபந்யாஸங்களில் ஐயமின்றிச் சொல்லிவந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கடலோர ஊரொன்றில் இதைச் சொல்லி முடித்தபோது முதிய மீனவர் ஒருவர் தனியே வந்து, "சாமி, தப்பா நினைக்கக் கூடாது. அது மணல மூடிட்டுப் போனா திரும்பியே பாக்காது. மணல் சூட்டுலதான் குஞ்சு பொரியுது" என்றார். அன்றிரவு உறக்கம் வரவில்லை. லௌகிகரும் பரீக்ஷகரும் ஒருபடியாக ஒப்புக்கொள்ளும் பொருளே த்ருஷ்டாந்தம் என்பது கௌதமரின் ந்யாய ஸூத்ரம். லௌகிகரே எழுந்து மறுத்தபின் அது த்ருஷ்டாந்தமாவது எங்ஙனம்?

அவர் சொன்னது ப்ரத்யக்ஷம். நம் கீழைக் கடற்கரைக்கு வரும் சிற்றாமைக்குப் பங்குனி ஆமை என்றே பெயர். ஆணும் பெண்ணும் கரைக்கப்பால் நீரில் கூடுகின்றன. ஆண், பெண்ணின் ஓட்டின்மேல் ஏறி, முன்துடுப்புகளின் வளைந்த நகத்தால் பற்றிக்கொள்ளும். பெண்ணாமை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களின் வித்தைத் தன்னுள் சேமித்து வைக்க வல்லது. தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் அது மட்டுமே கரையேறும். பின்துடுப்புகளால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழக் குழி பறித்து, நூறளவில் வெண்மையான உருண்டை முட்டைகளை இட்டு, மணலால் மூடி, உடலால் அமுக்கிவிட்டுக் கடல் புகும். அக்குழிக்கு மீண்டும் வருவதில்லை. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் தாமே வெளிப்பட்டு அலையை நோக்கி ஓடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் வெம்மையே நிர்ணயிக்கிறது. வெம்மை மிகின் பெண், தணியின் ஆண்.

ஸ்ரீகூர்ம க்ஷேத்ரத்தில் வளரும் நக்ஷத்ர ஆமை நிலவாழ்வது. அதன் ஒழுக்கமும் வேறன்று. ஆணின் அடியோடு குழிந்திருப்பது பெண்ணின்மேல் ஏறுதற்கு ஏற்ற அமைப்பு. பெண் நிலத்தைத் தன் நீரால் நனைத்து இளக்கிப் பறித்து, சில முட்டைகளே இட்டு, மண் மூடி அகன்றுவிடும்.

நம் முன்னோர் இதைப் பாராதவர் அல்லர். அகநானூற்று 160ஆம் பாட்டில், சூல் நிறைந்த ஆமை அடும்புக் கொடி சிதைய வந்து, வெண்மணலில் முட்டையைப் புதைக்கிறது. முட்டை யானைக் கோட்டால் செய்த வட்டுப் போன்றிருக்கிறது, புலால் நாறுகிறது. இத்தனையும் நேரில் கண்டவர் வாக்கு. ஆனால் குஞ்சு வெளிப்படுமளவும் ஆணாமை காத்து நிற்கும் என்கிறார் அப்புலவர். கடலாமையின் ஆண் முட்டை காக்கக் கரையேறுவதில்லை. கண்ட இடத்தில் கண்ணைப் பின்பற்றியவர், காணாத இடத்தில் அன்பைப் பின்பற்றினார் போலும். ஐங்குறுநூற்று 44இல் பொய்கை ஆமையின் பார்ப்பு தாய்முகம் நோக்கி வளர்கிறது. குறுந்தொகை 152இன் தலைவியோ, காதலர் கைவிட்டால் தன் காமம் தாயற்ற முட்டைபோல் உள்ளே கிடந்து அழிவதன்றி வேறென் செய்யும் என்கிறாள். அங்கும் உவமை ஆமைப் பார்ப்பே. ஆக, தமிழில் முதலில் பேசப்பட்டது நோக்கு, நினைவு அன்று. 79இல் மறைந்த ரோமாபுரி ப்ளினியும், ஆமை கண்ணால் பார்த்தே முட்டையைப் பொரிப்பதாகச் சிலர் எண்ணுவதை எழுதிவைத்தார்.

நினைவைப் பற்றிய தெளிவான வாதம் பௌத்தரிடம் கிடைக்கிறது. வஸுபந்துவின் அபிதர்மகோச பாஷ்யத்தில், மனமும் ஓர் ஆஹாரம் என்னுமிடத்தில், கரையில் முட்டையிட்டு மணலில் புதைத்துக் கடல் திரும்பும் ஜந்துக்கள் வருகின்றன. தாய் நினைத்தால் முட்டை அழுகாது, மறந்தால் அழுகும் என்பது பழைய பாடம். அதை அவர் ஏற்கவில்லை. ஒருவர் ஆஹாரம் மற்றொருவரை வளர்க்காது. ஆதலால் முட்டையே தாயை நினைக்கிறது என்று பாடத்தைத் திருப்புகிறார்.

இவ்விடத்தில் நம் ஸம்ப்ரதாயத்தார் சற்று நிற்க வேண்டும். நினைப்பவர் யார் என்பதே கேள்வி. வராஹ சரம ச்லோகத்தில், கட்டையும் கல்லும்போல் கிடக்கும் அடியவனைத் தானே நினைப்பதாக எம்பெருமான் அருளினான். முட்டையின் முயற்சியை நம்பியவர் வஸுபந்து. தாயின் முயற்சியை வைத்தது நம் ச்லோகம். ஆமையை அறிந்தவர் இருவரையும் மறுப்பர். என்றாலும், முட்டை தன்னைக் காத்துக்கொள்ளவில்லை, தாயும் அருகில் இல்லை, ஆயினும் அழியவில்லை என்ற அளவு மூவர்க்கும் பொது. பழையவர்கள் கண்டு வியந்தது அதுவே. ஹேதுவைச் சொன்னதில்தான் பிசகினார்கள். ஸாத்யத்துக்கு சாஸ்த்ரமே ப்ரமாணமாதலின் த்ருஷ்டாந்தம் பிசகியதால் அதற்குக் குறையில்லை. பிசகை அறிந்த பின்னும் மறைத்துச் சொல்வதுதான் குறை. இப்போதெல்லாம் அடியேன் அந்த ச்லோகத்தைச் சொன்னபின் மீனவர் வார்த்தையையும் சேர்த்தே சொல்லுகிறேன். கோஷ்டியில் சிலர்க்கு அது உகப்பதில்லை.

பறவையைப் பற்றி வாதமில்லை. மீனைப் பற்றியும் ஒருவர் விசாரிக்கலாம். எங்கள் ஊர்க் குளத்தில், சிவந்த குஞ்சுத் திரளுக்குக் கீழே விரால் ஓயாது காவல் திரிவதைச் சிறுவயதில் படித்துறையிலமர்ந்து பலமுறை கண்டிருக்கிறேன்.