சிலை உண்டு, சாலை எங்கே?

திருவரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி உண்டு. கைகூப்பி நின்ற கூட்டத்தைக் கண்டு, "ஐயா, இவர் யாருக்கு வைத்தியம் பார்த்தார்?" என்று கேட்டான், என்னுடன் வந்த மாணவன் ஒருவன்.

சிறுவனின் கேள்விக்குக் கல்லே விடை பகர்கிறது, தோழர்களே! பழைய ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பார் புதுப்பித்துத் தன்வந்திரி சிலையையும் நிறுவினார் என்கிறது, கி.பி. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு. முன்னே இருந்தது மருத்துவமனை. பின்னே வந்தது சிலை. சிலைக்கு இன்றும் பூசை நடக்கிறது. நோயாளி படுத்திருந்த சாலையோ மறைந்தது!

சாலையோடு இன்னொன்றும் தேய்ந்தது: கைப்பழக்கம். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், ஏட்டறிவு எத்துணை இருப்பினும் கை பழகாதவன் சிகிச்சைக்குத் தகான் என்கிறது. பூசணி, சுரை, வெள்ளரியை அறுத்துப் பழகவேண்டும். நீர் நிறைந்த தோல்பையைக் கீறிப் பழகவேண்டும். இறந்த விலங்கின் குருதிக்குழாயிலும் தாமரைத் தண்டிலும் துளையிட்டுப் பழகவேண்டும். துணியால் செய்த மனித உருவில் கட்டுப் போட்டுப் பழகவேண்டும். செய்யும் பிழையை உயிரற்ற பொருளின்மீதே செய்து தீர்த்துக்கொள் என்னும் நேர்மையான நெறி! வடநூல் என்பதற்காக நல்லதை மறுப்பது பகுத்தறிவாகாது.

அந்நெறி ஏன் தேய்ந்தது? தொட்டுத் தொழில் செய்தவனைத் தாழ்த்தியதே தலையாய காரணம் என்பேன். மருத்துவன் தரும் உணவை உண்ணலாகாது என்றது மனுநூல். காஞ்சிக்கு அருகே திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், 15 படுக்கை கொண்ட மருத்துவமனை ஒன்று இருந்தது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். கத்தி பிடித்த கைக்கு மூன்றிலொரு பங்கு நெல்! நாவிதர் புண்ணை ஆற்றினார், அவர் இல்லத்து மருத்துவச்சி பிள்ளை பெறுவித்தாள். ஊரோ அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. ஏடு ஒருபுறம், கை மறுபுறம் என்றானபின் பயிற்சிக்கூடம் எவ்விதம் வாழும்?

இன்றைய நிலைக்கு வருவோம். அம்மா மண்டபப் படித்துறையில் மூதாட்டி ஒருத்தி வழுக்கி விழுகிறாள், இடுப்பெலும்பு முறிகிறது. அவசரப் பிரிவு மருத்துவர் தொடை நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியால் அவள் துடிப்பைத் தணிக்க இயலும். ஆனால் அந்நரம்பை ஒட்டியே ஓடுகிறது தொடைத் தமனி. மருந்து குருதியில் பாய்ந்தால் வலிப்பு வரலாம், இதயமே நின்றுபோகலாம். ஆகவே அல்ட்ராசவுண்டு திரையில் நரம்பையும் தமனியையும் ஊசிமுனையையும் பார்த்தபடி செலுத்துகின்றனர். அக்குள் நரம்புகளைச் சுற்றி மருந்து பரவுவதை இக்கருவியால் ஆராய்ந்து 1989இல் எழுதிய இருவருள் ஒருவர் பெயர் சிவஞானரத்தினம்.

ஒரு கையில் கருவி, மறு கையில் ஊசி, கண்ணோ திரையில்! இதனை எங்கே பழகுவது? ஜெலட்டின் கட்டியில், ரப்பர் உருவில், இறைச்சித் துண்டில். பூசணிக்காய் திரும்பி வந்துவிட்டது! மருத்துவக் கல்லூரிதோறும் திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என 2019ஆம் ஆண்டு விதிகளும் கூறின.

செல்வர் வீட்டார், "தேர்ந்த மருத்துவரை அழையுங்கள்" என்பர். அரசு மருத்துவமனைத் தள்ளுவண்டியில் கிடக்கும் மூதாட்டி அவ்விதம் கேட்கமாட்டாள். கூடம் பூட்டிக் கிடந்தால், முதன்முதல் ஊசி பிடிக்கும் இளங்கை அவள் தொடையில்தான் பாடம் படிக்கும்.